காவிரி நீர்ப் பங்கீடு

காவிரி நீர்ப் பங்கீடு என்பது இந்தியாவின் தென்பகுதியில் பாயும் காவிரி ஆற்றின் நீரைக் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியும் தமக்குள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும், அதனையொட்டி எழுந்த பிணக்கையும் குறிக்கும். இந்திய அரசியலமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று கூறுகிறது. ஒரே சட்டம், ஒரே நாணயம், ஒரே உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் கீழ் வாழும் இம்மாநிலங்கள், ஓர் ஆற்றைப் பொறுத்தவரையில் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரே அமைப்பின் கீழ் வர இயலாதிருந்தன. இதன் விளைவுகள் மிகுதியாக உணரப்படுவது ஆற்றின் கடைசிப் பகுதியான தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களையும் காரைக்காலையும் உள்ளடக்கிய டெல்டாவில் ஆகும்.

ஆற்றுப்படுகை

காவிரி கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் உள்ள தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடி வங்காள விரிகுடாவில் கலக்கிறது. ஆற்றுப்படுகையின் மொத்தப் பரப்பு 81,155 சதுர கி.மீ. ஆகும். இதில் கர்நாடகத்தில் 34,273 ச.கி.மீ., கேரளத்தில் 2,866 ச.கி.மீ., எஞ்சிய 44,016 ச.கி.மீ. தமிழ்நாட்டிலும் காரைக்காலிலும் அமைந்துள்ளன. ஏமாவதி, ஆரங்கி, கபினி, சிம்சா, அர்க்காவதி ஆகிய துணையாறுகள் கர்நாடகத்தில் காவிரியுடன் சேர்கின்றன; பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை தமிழ்நாட்டில் சேர்கின்றன. கபினி கேரளத்தின் வயநாட்டில் தோன்றுவதால் கேரளமும் ஒரு பங்காளி ஆகிறது.

இப்பிணக்கில் நீர் டி.எம்.சி. என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி ஆகும். நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். நாளிதழ்களில் "வினாடிக்கு 5,000 கன அடி" என்று வரும் செய்தியை இக்கணக்கைக் கொண்டு பார்த்தால், அது ஒரு நாளில் அரை டி.எம்.சி.க்கும் குறைவு என்பது விளங்கும்.

பயிர்க்காலமும் மழைக்காலமும்

பிணக்கின் வேர் நீரின் அளவில் மட்டும் இல்லை, காலத்திலும் உள்ளது. ஆற்றின் மேற்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை சூன் முதல் செப்டம்பர் வரை நீர் தருகிறது. டெல்டாவுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. டெல்டாவின் முதற் போகமான குறுவை சூன் மாதத்தில் தொடங்கும் குறுகிய காலப் பயிராகும். அதனையடுத்துச் சம்பாவும், குறுவை அறுத்த வயலில் தாளடியும் பயிரிடப்படுகின்றன. சம்பாவும் தாளடியும் ஓரளவு உள்ளூர் மழையைப் பெறுகின்றன. குறுவைக்கு ஆற்றுநீரே வாழ்வு.

எனவே மேட்டூர் அணை சூன் 12 இல் திறக்கப்பட்டு சனவரி 28 இல் மூடப்படுவது மரபாயிற்று. ஆனால் சூன், சூலை மாதங்களில் கர்நாடக அணைகள் நிரம்பத் தொடங்கியிருக்குமே தவிர நிரம்பியிருக்கமாட்டா. மாண்டியா உழவர் தம் அணை நிறையட்டும் என்று காத்திருக்கும் அதே வாரங்களில்தான் தஞ்சாவூர் உழவர் நாற்றங்காலுக்கு நீர் கேட்கிறார். மழை மிகுந்த ஆண்டுகளில் இம்மோதல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 2022 இல் மேட்டூர் அணை மே 24 ஆம் நாளிலேயே திறக்கப்பட்டதுடன், அவ்வாண்டில் ஒதுக்கீட்டைவிடப் பன்மடங்கு நீர் தமிழ்நாட்டுக்கு வந்தது. மழை குறைந்த அடுத்த ஆண்டிலேயே பிணக்கு மீண்டும் தலைதூக்கியது.

1892, 1924 உடன்பாடுகள்

மைசூர் சமத்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே முதல் உடன்பாடு 1892 பெப்ரவரி 18 இல் ஏற்பட்டது. இதன்படி, குறிப்பிட்ட ஆறுகளின் குறுக்கே மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டுவதாயின் சென்னையின் இசைவைப் பெறவேண்டும். 1910 இல் மைசூர் கண்ணம்பாடியில் பெரிய அணை கட்ட முனைந்தது. அப்போது அதன் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மோ. விசுவேசுவரய்யா. சென்னை எதிர்த்தது. நீதிபதி கிரிபின் நடுவராக அமர்த்தப்பட்டு 1914 இல் தீர்ப்பளித்தார். சென்னை அதனை ஏற்காமல் மேல்முறையிட்டது. நீண்ட பேச்சுகளுக்குப் பின் 1924 பெப்ரவரி 18 இல் இரண்டாம் உடன்பாடு கையெழுத்தானது.

இவ்வுடன்பாட்டின் பயனாகக் கண்ணம்பாடியில் கிருட்டிணராச சாகர் அணையும், மேட்டூரில் 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணையும் எழுந்தன. மேட்டூர் அணை 1934 இல் திறக்கப்பட்டது. கிருட்டிணராச சாகரின் கீழ் மைசூர் 1,25,000 ஏக்கரும், மேட்டூரின் கீழ் சென்னை 3,01,000 ஏக்கரும் புதிதாகப் பாசனம் பெறலாம் என வரையறுக்கப்பட்டது. சில விதிகளை 50 ஆண்டுகளுக்குப் பின் மறு ஆய்வு செய்யலாம் என்றும் கூறப்பட்டது.

பிரித்தானியரின் மேலாண்மையின் கீழ் இருந்த ஒரு சமத்தானம், பிரித்தானியர் நேரடியாக ஆண்ட ஒரு மாகாணத்துடன் சமநிலையில் பேசியிருக்க இயலாது என்பது கர்நாடகத்தின் நெடுநாளைய வாதமாகும். டெல்டாவின் பாசனம் கல்லணைக் காலம் தொட்டு நடந்துவருவது, உடன்பாடு அதனைப் படைக்கவில்லை, காக்க மட்டுமே செய்தது என்பது தமிழ்நாட்டின் வாதம். இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. 2018 இல் உச்ச நீதிமன்றம், இவ்வுடன்பாடுகள் நேர்மையற்றவை என்று தள்ள இயலாது, எனினும் 1924 உடன்பாடு 1974 இல் முடிவுற்றது என்று கூறியது.

உடன்பாட்டில் வேறொரு குறையும் இருந்தது. குடகும், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலும், இன்று கேரளத்தைச் சேர்ந்த வயநாடும் அதில் தனித் தரப்புகளாக இடம்பெறவில்லை.

1956 முதல் 1990 வரை

1956 நவம்பர் 1 இல் மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது குடகும், சென்னை மாநிலத்தின் கொள்ளேகாலமும் மைசூருடன் இணைந்தன. ஆற்றின் தலைப்பகுதி ஏறத்தாழ முழுமையாக ஒரே மாநிலத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. மாநிலங்களுக்கு இடையிலான நீர்ப் பிணக்குச் சட்டம் நடுவர் மன்றங்களுக்கு வழி செய்தது. ஆற்று வாரியங்கள் சட்டம், மாநிலங்கள் சேர்ந்து ஆற்றை நிருவகிக்கும் வாரியங்களுக்கு வழி செய்தது. முதற் சட்டம் பலமுறை பயன்பட்டது. இரண்டாம் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. வழக்காடுவதற்கு இருந்த வழி, ஒன்றுகூடி வேலை செய்வதற்கு இல்லாமற் போனதை இது காட்டுகிறது.

1960களிலும் 1970களிலும் கர்நாடகம் ஏமாவதி, கபினி, ஆரங்கி, சுவர்ணாவதி அணைகளை எழுப்பியது. 1970 இல் தமிழ்நாடு நடுவர் மன்றம் கோரியது. 1971 இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை அடுத்த ஆண்டில் திரும்பப் பெற்றது. 1972 இல் அமைந்த உண்மை அறியும் குழு, அப்போதைய நீர்ப் பயன்பாட்டைத் தமிழ்நாட்டுக்கு 489, கர்நாடகத்துக்கு 177, கேரளத்துக்கு 5 டி.எம்.சி. எனக் கணக்கிட்டது. பேச்சுகள் பல நடந்தும் 1976 இல் உருவான உடன்பாட்டு வரைவு நிறைவேறவில்லை.

அரசுகள் பேசிக்கொண்டிருக்க, 1983 இல் டெல்டா விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தை அணுகியது. இம்மனுவின் மீதே 1990 மே மாதத்தில் நடுவர் மன்றம் அமைக்குமாறு நடுவண் அரசுக்கு ஆணை பிறந்தது. 1990 சூன் 2 இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. சித்ததோசு முகர்சி முதல் தலைவராகவும், பின்னர் என். பி. சிங் தலைவராகவும் இருந்தனர்.

இடைக்காலத் தீர்ப்பும் 1991 கலவரமும்

1991 சூன் 25 இல் நடுவர் மன்றம், மேட்டூரில் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. கிடைக்குமாறு கர்நாடகம் நீர் விடவேண்டும் என்றும், கர்நாடகம் தன் பாசனப் பரப்பை 11.2 இலட்சம் ஏக்கருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்றும் இடைக்காலத் தீர்ப்பு வழங்கியது. இதனைச் செயலற்றதாக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க, அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என 1991 நவம்பரில் நீதிமன்றம் தெரிவித்தது. டிசம்பரில் தீர்ப்பு அரசிதழில் வெளியானவுடன் பெங்களூரிலும் தென் கர்நாடகத்தின் பிற பகுதிகளிலும் தமிழர்கள் தாக்கப்பட்டனர். பலர் உயிரிழந்தனர், பல்லாயிரவர் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தனர். ஆற்று நீரில் பங்கு எதுவும் கேளாத கூலித் தொழிலாளர்களே அடிபட்டோரில் மிகுதி.

காவிரி ஆற்று ஆணையம்

இடைக்காலத் தீர்ப்பைச் செயற்படுத்த 1998 இல் காவிரி ஆற்று ஆணையம் அமைக்கப்பட்டது. பிரதமர் தலைவராகவும் நான்கு முதலமைச்சர்கள் உறுப்பினராகவும் இருந்தனர். பதவிகளைக் கொண்டு பார்த்தால் இதனினும் உயர்ந்த ஆற்று அமைப்பு இந்தியாவில் இருந்ததில்லை எனலாம். ஆயினும் அணைகளின் மதகுகள் அந்தந்த மாநிலங்களின் கையிலேயே இருந்தன. ஆணையத்துக்கு அவற்றின் மீது எந்த அதிகாரமும் இல்லை. 2002 வறட்சியில் இது வெளிப்பட்டது. ஆணையத்தின் கூட்டத்திலிருந்து தமிழ்நாட்டு முதலமைச்சர் செயலலிதா வெளிநடப்புச் செய்தார். நீர் விடும் ஆணையை மீறியதற்காகக் கர்நாடக முதலமைச்சர் எஸ். எம். கிருட்டிணா உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கோர நேர்ந்தது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2012 செப்டம்பரில் ஆணையம் கூடி நொடிக்கு 9,000 கன அடி விடப் பணித்தபோதும் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கே திரும்பியது.

காவிரிக் குடும்பம்

2002 நெருக்கடிக்குப் பின் அரசுகளுக்கு வெளியே ஒரு முயற்சி நடந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். சனகராசன் முதலியோரின் முயற்சியால் 2003 இல் இரு மாநில உழவர்களும் சென்னையிலும் பின்னர் பெங்களூரிலும் கூடினர். இக்கூட்டு காவிரிக் குடும்பம் எனப் பெயர் பெற்றது. இதற்கு முன்னோடியாக அதே நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் 1993 இல் காவிரிப் பிணக்கில் இணக்கம் காண்பது குறித்து ஒரு நூல் எழுதியிருந்தார்.

இரு தரப்பு உழவர்களும் ஒருவர் வயலை ஒருவர் சென்று பார்த்தனர். டெல்டா உழவர்கள் நீரை வீணாக்கி மூன்று போகம் விளைவிக்கின்றனர் என்று கேள்விப்பட்டிருந்தவர்கள் வெடித்த வயல்களைக் கண்டனர். மேலே அணைகள் நிறைந்து கிடக்கின்றன என்று நம்பியிருந்தவர்கள் தரைதட்டிய நீர்த்தேக்கங்களைக் கண்டனர். வறட்சிக் காலத்தில் நீரை எவ்வாறு பிரிப்பது என்று ஒரு வாய்பாடு காணவும் முயன்றனர். குடும்பம் எந்த ஆணையும் பிறப்பிக்கக்கூடிய அமைப்பன்று. அதன் பரிந்துரைகளை ஏற்கும் கட்டாயம் எந்த அரசுக்கும் இல்லை. ஆயினும் நூறாண்டுப் பிணக்கில் நீரைப் பயன்படுத்துவோர் நேருக்கு நேர் அமர்ந்து பேசியது அரிய நிகழ்வாகும்.

இறுதித் தீர்ப்பு

2007 பெப்ரவரி 5 இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று என்ற அளவில் எதிர்பார்க்கக்கூடிய நீர் 740 டி.எம்.சி. எனக் கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என ஒதுக்கியது. சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாமல் கடலில் சேரும் நீராக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கப்பட்டன. கர்நாடகம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. கிடைக்கச் செய்யவேண்டும். 205 என்பது 192 ஆகக் குறைந்துவிட்டது என்று அப்போது பரவலாகக் கூறப்பட்டது. அளக்கும் இடம் மேட்டூரிலிருந்து பிலிகுண்டுலுவுக்கு மாறியதால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. இடைப்பட்ட நிலத்தில் பெய்யும் மழை முன்பு கணக்கில் சேர்ந்தது, பின்பு சேரவில்லை.

இத்தீர்ப்பு 2013 பெப்ரவரி 19 இல்தான் அரசிதழில் வெளியானது. மேல்முறையீடுகளை விசாரித்த உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரி 16 இல், கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தி 284.75 எனவும், தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்து 404.25 எனவும் மாற்றியது. கேரளம், புதுச்சேரி பங்குகள் மாறவில்லை. பிலிகுண்டுலு அளவு 177.25 ஆயிற்று. இதில் சூனில் 9.19, சூலையில் 31.24, ஆகத்தில் 45.95, செப்டம்பரில் 36.76 டி.எம்.சி. வரவேண்டும். ஆறு எந்த மாநிலத்துக்கும் உடைமையன்று, நாட்டின் சொத்து என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

உயர்த்தப்பட்ட 14.75 இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கானது. நகரின் மூன்றில் ஒரு பகுதி மட்டுமே காவிரிப் படுகையில் உள்ளதால் நடுவர் மன்றம் அதற்கு மட்டுமே நீர் கணக்கிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் நகரை முழுமையாகக் கருதியது. (காவிரிப் படுகைக்கு வெளியே உள்ள சென்னையும் 2004 முதல் வீராணம் ஏரி வழியே காவிரி நீரைக் குடித்துவருகிறது என்பதை இங்கு நினைவுகூரலாம்.) எஞ்சிய 10 டி.எம்.சி. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் உள்ளது என்பதற்காகக் குறைக்கப்பட்டது. டெல்டாவின் தலைப்பகுதியில் ஆழ்குழாய் வைத்துள்ள உழவருக்கு இக்கணக்கு பொருந்தும். நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோர உழவருக்குப் பொருந்தாது. சராசரிக் கணக்கின் சுமை மிகவும் நலிந்த பகுதியின் மேல் இறங்கியது எனலாம்.

காவிரி நீர் மேலாண்மை ஆணையம்

ஆறு வாரங்களில் ஒரு திட்டம் வகுக்குமாறு 2018 தீர்ப்பு நடுவண் அரசைப் பணித்தது. அக்காலக் கெடு தவறியதால் ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் போராட்டங்கள் நடந்தன. 2018 சூன் 1 இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அதன் கீழ்க் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவும் அறிவிக்கப்பட்டன. இவற்றில் முதலமைச்சர்களுக்கு மாற்றாக அலுவலர்களும் பொறியாளர்களும் அமர்கின்றனர். அணைகளின் நீர் இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை எல்லா மாநிலங்களும் தெரிவிக்கவேண்டும். தரவுகளைப் பகிர்ந்துகொள்வதில் ஒருங்கிணைப்பு முன்னேறியுள்ளது. மதகு திறப்பதில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

2023 இல் இது சோதனைக்கு உள்ளானது. தென்மேற்குப் பருவமழை பொய்த்த அவ்வாண்டில் ஆணையம் முதலில் நொடிக்கு 10,000 கன அடியும், பின்னர் 5,000 கன அடியும் விடுமாறு கூறியது. செப்டம்பர் 26 இல் பெங்களூரிலும் 29 இல் கர்நாடகம் முழுவதிலும் கடையடைப்பு நடந்தது. அக்டோபர் 10 இல் மேட்டூர் அணை வழக்கத்துக்கு மூன்று மாதங்களுக்கும் மேல் முன்னதாக மூடப்பட்டது. மறுநாள் டெல்டா மாவட்டங்களில் கடையடைப்பு நடந்தது. நீர் குறையும் ஆண்டில் பங்குகளும் அதே விகிதத்தில் குறையவேண்டும் என்று நடுவர் மன்றம் பொதுவாகக் கூறியிருந்தது. எந்த நாளின் இருப்பைக் கொண்டு குறைவைக் கணிப்பது, வடகிழக்கு மழையை எவ்வாறு சேர்ப்பது என்பவற்றில் மாநிலங்களிடையே உடன்பாடு இல்லை. எனவே ஒவ்வொரு வறட்சியிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேரம் நடக்கிறது. நாற்றங்காலில் முதிரும் நாற்று அதுவரை காத்திருப்பதில்லை.

டெல்டாவுக்குள் பங்கீடு

மாநிலங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு டெல்டாவுக்குள்ளும் சிறிய அளவில் தொடர்கிறது. மேட்டூரில் திறக்கும் நீர் ஏறத்தாழ மூன்று நாளில் கல்லணையை அடைகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என மூன்றாகப் பிரிகிறது. வெள்ளநீர் கொள்ளிடத்தில் செல்கிறது. நீர் குறைவாயின் சில நாள் காவிரிக்கும் சில நாள் வெண்ணாற்றுக்கும் என முறை வைத்து விடப்படுகிறது. தலைமடை வயலில் நடவு முடிந்த பின்னும் கடைமடையில் வாய்க்கால் வறண்டிருப்பது உண்டு. மதகு திறக்கும் லசுகர் பணியிடங்கள் குறைந்துபோனதும், வாய்க்கால்கள் தூர்ந்ததும் இதனை மிகைப்படுத்தின. முன்னாளில் ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து, பொதுப்பணித்துறைப் பராமரிப்புக்கு இடம் கொடுத்து மறைந்தது. 2017 இல் தமிழ்நாடு அரசு அப்பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

குறுவை பொய்க்கும்போது நிலவுடைமையாளருக்குக் காப்பீடோ நிவாரணமோ ஓரளவு கிடைக்கிறது. நடவு, களை, அறுப்பு வேலையை நம்பியுள்ள நிலமற்ற தொழிலாளருக்கு அவ்வாறு எதுவும் இல்லை. நடுவர் மன்றத்தின் பல்லாயிரம் பக்க ஆவணங்களில் ஏக்கருக்கும் கன அடிக்கும் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

காரைக்கால்

புதுச்சேரியின் பகுதியான காரைக்கால் எல்லாத் திசையிலும் தமிழ்நாட்டாலும் கடலாலும் சூழப்பட்டது. அதன் 7 டி.எம்.சி. பங்கு அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராசனாறு முதலிய கிளையாறுகள் வழியே, தமிழ்நாட்டு மதகுகளைக் கடந்து வரவேண்டும். கர்நாடகம் நீர் விடவில்லை என்று தமிழ்நாடு கூறும் அதே குறையைத் தமிழ்நாட்டின் மீது காரைக்கால் உழவர்கள் கூறிவருகின்றனர்.

பிற ஆறுகளுடன் ஒப்பீடு

தென்கிழக்காசியாவின் மீகாங் ஆற்றுக்கு 1995 இல் ஆணையம் அமைந்தது. கம்போடியா, இலாவோசு, தாய்லாந்து, வியட்நாம் ஆகியவை உறுப்பினராயின. ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள சீனாவும் மியன்மாரும் உறுப்பினர் அல்லர், உரையாடலில் மட்டும் பங்கு கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2000 இல் இயற்றிய நீர்க் கட்டமைப்பு விதி, நாட்டெல்லையைக் கருதாமல் ஆற்றுப்படுகை முழுவதற்கும் திட்டமிடச் சொல்கிறது. அங்கு பெரும்பாலும் நீரின் தூய்மையே சிக்கல். காவிரியில் நீரின் அளவே சிக்கல் என்பதால் அம்முறையை அப்படியே இங்கு பொருத்த இயலாது. ஒரே நாட்டுக்குள் இருந்தும் காவிரி மாநிலங்கள் சில கூறுகளில் மீகாங் நாடுகளை ஒத்துள்ளன.

மேக்கேதாட்டு அணைத் திட்டம்

தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே மேக்கேதாட்டுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவும் 400 மெகாவாட்டு மின் உற்பத்தியும் கொண்ட அணையைக் கர்நாடகம் முன்மொழிந்துள்ளது. பெங்களூரின் குடிநீர் தேவைக்கானது இது என்பது கர்நாடகத்தின் நிலை. அதன் கொள்ளளவு குடிநீர்ப் பங்கைப் போலப் பல மடங்கு என்பதும், கட்டுப்பாடின்றி ஓடிவரும் கடைசிப் பகுதி நீரும் இதனால் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும் என்பதும் தமிழ்நாட்டின் எதிர்ப்பு. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நடுவண் நீர் ஆணையம் திட்ட அறிக்கையை ஆராயும் கட்டத்தில் தமிழ்நாட்டின் மனு முதிராதது என்று கூறி அதனை முடித்துவைத்தது. திட்டத்தை ஆராய்கையில் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் கருத்தும் பெறப்படவேண்டும். நான்கு தரப்பினரும் அமரும் அவ்வாணையத்தில் மேக்கேதாட்டு குறித்துப் பேசலாமா என்பதே பலமுறை விவாதத்துக்கு உள்ளாகியுள்ளது.